உள்ளூர்க் கடலைக் காட்ட எந்த மீன் காட்சியகம்? பெருந்தொட்டியா, ஓடும் நீரா, பிடித்து விடுவதா?

கடற்கரை ஊரில் மீன் காட்சியகம் கட்டலாம் என்று பேச்சு எழுந்தால், முதல் கூட்டத்திலேயே யாராவது ஒருவர் கண்ணாடிச் சுரங்கத்தின் படத்தைக் காட்டிவிடுவார். தலைக்கு மேல் சுறா போகும், கீழே ஒரு குழந்தை அண்ணாந்து நிற்கும். அந்தப் படத்தை எதிர்த்து யாரும் பேச முடியாது. அதன்பிறகு பேச்செல்லாம் எத்தனை லட்சம் லிட்டர், எவ்வளவு பெரிய கண்ணாடி என்பதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

உள்ளூர்க் கடலைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் லிட்டர் கணக்கு பின்னால் வரவேண்டியது. முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு: தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது? உயிர்கள் எங்கிருந்து வந்து எங்கே போகின்றன? இந்த இரண்டை வைத்து மூன்று வழிகளை எடைபோட்டுப் பார்க்கிறேன். ஒன்று, ஒரே நீரைச் சுத்திகரித்துச் சுற்றவிடும் பெருந்தொட்டி. அடுத்தது, கடல்நீரை இறைத்துத் தொட்டிகள் வழியே ஓடவிட்டுத் திரும்பக் கடலுக்கே அனுப்பும் நடுத்தரக் காட்சியகம். இன்னொன்று, பருவத் தொடக்கத்தில் உயிர்களைப் பிடித்துவந்து, முடிவில் பிடித்த இடத்திலேயே விட்டுவிடும் சின்னக் காட்சியகம். என் சாய்வு கடைசியின் பக்கம். ஆனால் எல்லாக் கரைக்கும் அது ஒத்துவராது, அதற்குக் காரணங்கள் உண்டு.

பெருந்தொட்டி

பெருந்தொட்டியை மட்டம் தட்டுவது எளிது, நியாயமில்லை. ஜப்பானின் ஒகினாவாவில் 2002-இல் திறந்த சுராவுமி காட்சியகத்தின் முதன்மைத் தொட்டி 7,500 கன மீட்டர் நீர் கொள்ளும். அதன் முன்புறத்தில் நிற்கும் அக்ரிலிக் பலகை 22.5 மீட்டர் நீளம், 8.2 மீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் தடிமன். உள்ளே திமிங்கலச் சுறாவும் கொம்புத் திருக்கையும் நீந்துகின்றன. இதைப் பார்த்துவிட்டு ‘இது வேடிக்கைக்கூடம்’ என்று ஒதுக்க முடியாது, ஏனென்றால் அது உள்ளூர்க் காட்சியகம்தான். அந்தத் திமிங்கலச் சுறாக்கள் ஒகினாவாக் கடலில் மீனவர்கள் கட்டிய நிலைவலையில் வந்தவை. அங்கே வளரும் பவளத்துக்குக் கூரை கிடையாது. நேர் வெயில், கடலிலிருந்து இறைத்த நீர். குரோஷியோ நீரோட்டம் பக்கத்திலேயே ஓடும் தீவு என்பதால் அந்த அளவுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது: அந்தக் கடலில் இருப்பதே அவ்வளவு பெரிய மீன்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அளவை மட்டும் நகலெடுக்கும்போது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்துக்குக் கடல் கிடையாது. 2005-இல் அங்கே திறந்த ஜார்ஜியா காட்சியகம் உப்பைக் கலந்து தானே கடல்நீர் தயாரித்துக்கொள்கிறது. திமிங்கலச் சுறாக்களைத் தைவானிலிருந்து விமானத்தில் கொண்டுவந்தார்கள். முதலில் வந்த இரண்டும் 2007-இல் இறந்துபோயின. கடலோரத்திலேயே இருக்கும் பாஸ்டனிலும், நியூ இங்கிலாந்து காட்சியகத்தின் நடுவில் நிற்கும் பெருந்தொட்டி காட்டுவது வாசலில் உள்ள குளிர் அட்லாண்டிக்கை அல்ல, கரீபியன் பவளத்திட்டை. மக்கள் வண்ணமீனைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்ற கணக்கு. கணக்கு தப்பில்லைதான். ஆனால் அதே கோமாளி மீன், அதே கருமுனைச் சுறா என்று எந்த ஊரில் நுழைந்தாலும் ஒரே கடலைப் பார்க்கிறோம், அது எந்த ஊரின் கடலும் அல்ல.

மூடிய சுழற்சி எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் செலவு எங்கே போகிறது என்பதும் புரியும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. பத்து லட்சம் லிட்டர் தொட்டி என்றால், முதல் நிரப்பலுக்கே 35 டன். மீன் கழிவில் வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்ற வடிகட்டியில் நுண்ணுயிர்கள் குடியேற வேண்டும். அது நிலைபெறப் பல வாரங்கள் ஆகும், அவசரப்படுத்த முடியாது. அதோடு மணல்வடிகட்டி, நுரைபிரிப்பான், ஓசோன், புறஊதா விளக்கு. எல்லாம் இரவும் பகலும் மின்சாரத்தில் ஓடவேண்டும். பலன், நீர் படிகமாகத் தெரியும். ஆனால் படிகமாகத் தெரிகிற நீரில் சாப்பிட ஒன்றும் இருக்காது. கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிரை வடித்துத் தின்று வாழும் மட்டி, கொட்டலசு, பஞ்சுயிரி போன்றவற்றுக்கு அது பட்டினிக்கூடம். யாராவது கையால் தீனி கரைத்து ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். உள்ளூர்க் கடலின் பாதி இந்த மாதிரி உயிர்தான் என்பதால், பெருந்தொட்டித் திட்டங்களில் முதலில் காணாமல் போவதும் இவைதான்.

அந்நிய உயிர்களை வைப்பதில் இன்னொரு ஆபத்து உண்டு. திட்ட அறிக்கைகளில் அதற்கு ஒரு வரி ஒதுக்கினாலே பெரிய விஷயம். 1984-இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே, கடலடியில், ஒரு சதுர மீட்டர் அளவுக்கு ஒரு பச்சைப் பாசித் திட்டு தென்பட்டது. காலெர்ப்பா டாக்சிஃபோலியா என்ற வெப்பமண்டலப் பாசி. காட்சித்தொட்டிகளுக்காக வளர்க்கப்பட்ட, குளிரைத் தாங்கும் வகை அது. அந்த அருங்காட்சியகத்தின் கழிவுநீரோடு வெளியேறியது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். பிறகு பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், குரோஷியா, துனிசியா என்று மத்தியதரைக் கடலோரம் முழுக்கப் படர்ந்து ஆயிரக்கணக்கான ஹெக்டேரைப் பிடித்துக்கொண்டது. 2000-இல் கலிஃபோர்னியாவிலும் அதே வகை கண்டுபிடிக்கப்பட்டு, அங்கே ஒழிக்க முடிந்தது. உள்ளூர் உயிரை உள்ளூர் நீரில் வைத்தால் இந்தப் பயமே இல்லை. வடிகாலில் ஏதாவது தப்பிப் போனாலும் அது வீட்டுக்குத்தான் போகிறது.

உடையும் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பெர்லினில் ஒரு ஹோட்டலுக்குள் நின்ற அக்வாடோம் என்ற உருளைத் தொட்டி வெடித்தது. பத்து லட்சம் லிட்டர் நீர் தெருவரை பாய்ந்தது, ஏறக்குறைய 1,500 மீன்களில் மிகப் பெரும்பாலானவை செத்தன. ஆளரவம் இல்லாத நேரம் என்பதால்தான் மனித உயிர் தப்பியது. பெருந்தொட்டி எல்லாம் உடையும் என்று சொல்லவரவில்லை. எல்லா உயிரையும் ஒரே சுவருக்குப் பின்னால் வைத்தால் அந்தச் சுவரில் வரும் ஒரு கோளாறு எல்லாவற்றையும் கொண்டுபோகும். இருபது சின்னத் தொட்டி வைத்திருப்பவருக்கு ஒன்று உடைந்தால் பத்தொன்பது மிஞ்சும்.

ஓடும் நீர்

இரண்டாவது வழிக்கு எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு கலிஃபோர்னியாவின் மாண்டெரே விரிகுடாக் காட்சியகம். மத்தி மீனை டப்பாவில் அடைத்த பழைய ஆலை இருந்த இடத்தில் 1984-இல் திறந்தார்கள். தன் விரிகுடாவைக் காட்டுவது என்று முடிவெடுத்து, அங்கே வளரும் ராட்சதக் கெல்ப் பாசியை 8.5 மீட்டர் உயரத் தொட்டியில் வளர்த்தார்கள். அதற்குமுன் அந்தப் பாசியை யாரும் இப்படிக் காட்சிக்கு வளர்த்ததில்லை. மேலே திறந்த வானம். நீரை முன்னும் பின்னும் தள்ள ஓர் அலைப்பொறி. வளர்ந்து கூடிப்போவதை முக்குளிப்பவர்கள் இறங்கி வெட்டிவிடுகிறார்கள்.

எனக்கு அங்கே பிடித்தது கெல்ப் அல்ல, குழாய். பகலில் பார்வையாளர்களுக்காக நீரை வடிகட்டி விடுகிறார்கள். இரவில் வடிகட்டாத கடல்நீரை அப்படியே உள்ளே விடுகிறார்கள். அந்த நீரோடு மிதவை நுண்ணுயிர்களும் இளம் புழுக்களும் முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளும் நுழைகின்றன. வடித்துத் தின்னும் உயிர்களுக்குத் தீனி கிடைக்கிறது. கூடவே, யாரும் கொண்டுவந்து வைக்காத உயிர்கள் பாறையில் தாமாகக் குடியேறுகின்றன. தொட்டியை அழகுபடுத்தும் வேலையைக் கடலே பார்த்துக்கொள்கிறது. நீரைக் கண்ணாடி மாதிரி வைத்திருக்க வேண்டுமா, உயிரோடு வைத்திருக்க வேண்டுமா என்ற சண்டையை அவர்கள் இரவு, பகல் என்று பிரித்துத் தீர்த்துவிட்டார்கள்.

ஓடும் நீர் எதைக் காட்டும் என்பதற்குக் கொட்டலசை எடுத்துக்கொள்ளலாம். பாறையிலும் படகின் அடியிலும் சொரசொரவென்று ஒட்டிக் கிடப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். உயிருள்ள பிராணியாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வடிகட்டாத நீர் ஓடும் தொட்டிக்கு வெளியே ஒரு பூதக்கண்ணாடியைப் பொருத்தி, ஒரு நிமிடம் பொறுத்தால் போதும். உச்சியில் உள்ள தகடுகள் பிரியும். ரோமம் அடர்ந்த, வளைந்த கால்கள் ஒருசேர வெளியே வந்து நீரை ஒரு வாரு வாரிக்கொண்டு உள்ளே மடங்கும். மறுபடி விரியும், மறுபடி வாரும். நண்டுக்கும் இறாலுக்கும் உறவான இந்தப் பிராணி தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, காலால் சாப்பிடுகிறது. தினமும் மிதித்துக்கொண்டு நடந்த பாறை அன்றைக்கு வேறாகிவிடும். இதற்கு அறுபது சென்டிமீட்டர் அக்ரிலிக் வேண்டாம்.

ஸ்காட்லாந்தின் மேக்டஃப் காட்சியகம் 1997-இல் இதே யோசனையைச் சின்ன ஊருக்கு ஏற்றபடி செய்தது. நான்கு லட்சம் லிட்டர் தொட்டி, கூரையில்லை, அலைப்பொறி உண்டு, உள்ளே வாசலில் உள்ள மோரே கழிமுகக் கடலின் பாசியும் மீனும். இந்த வழிக்கு மூத்தது நேப்பிள்ஸ். அண்டோன் டோர்ன் என்ற ஜெர்மானியர் 1872-இல் தொடங்கிய ஆய்வு நிலையத்தின் கீழ்த்தளக் காட்சியகம் 1874-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. நுழைவுக்கட்டணத்தில் ஆய்வை நடத்தலாம் என்பது அவர் திட்டம். உள்ளே மத்தியதரைக் கடல் உயிர்கள். இன்றைக்கும் ஆய்வு நிலையமும் காட்சியகமும் ஒரே குழாயைப் பகிர்ந்துகொள்வது சிக்கனமான ஏற்பாடுதான்.

இனி இதன் பாடுகள். கடல்நீரை இறைக்கிற குழாய்க்குள்ளேயே மட்டியும் கொட்டலசும் வளரும். மாதங்கள் போகப் போகத் துளை சுருங்கும். அதனால் அனுபவம் உள்ளவர்கள் இரண்டு குழாய் போடுகிறார்கள். ஒன்றில் நீர் எடுக்கும்போது மற்றதை அடைத்துவைத்தால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து ஒட்டியவை செத்துவிடும், அலசிவிட்டு மாற்றிக்கொள்ளலாம். ஒரே குழாயோடு வரும் வரைபடத்தைத் திருப்பி அனுப்புங்கள். பம்பு நிற்கும் நாளுக்காக மேட்டில் ஒரு சேமிப்புத் தொட்டி வேண்டும். மின்சாரம் போனாலும் புவியீர்ப்பில் சில மணிநேரம் நீர் இறங்கும்.

பெரிய பயம் கடலே கெடும் நாட்கள். கனமழைக்குப் பிறகு கரைநீரில் உப்பு இறங்கும். மீனும் நண்டும் ஓரளவு சமாளிக்கும். நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை ஆகியவற்றுக்கு உடலின் உப்பைத் தனியாகச் சீர்செய்யும் திறன் கிடையாது. வெளிநீர் எப்படியோ உள்நீரும் அப்படியே. தவிர, நுண்பாசி பெருகிக் கடல் நிறம் மாறும் செந்நீர்ப் பெருக்கம், எண்ணெய்க் கசிவு, புயலில் கலங்கும் சேறு. இந்த நாட்களில் கடல்நீர் வரும் வாயிலை அடைத்துவிட்டு உள்நீரையே சுழற்ற ஒரு சின்ன வடிகட்டும் அமைப்பு கட்டாயம். ஓடும் நீர் என்று பெயரிட்டாலும், நன்றாக நடக்கும் இடங்களில் அது வேண்டும்போது மூடிக்கொள்ளத் தெரிந்த ஓடும் நீர்.

பிடித்து விடுவது

கனடாவின் வான்கூவர் தீவில் யுக்ளூலெட் என்ற துறைமுகச் சிற்றூர். 2004-இல் அங்கே ஒரு கைக்கடக்கமான காட்சியகம் தொடங்கினார்கள். வசந்தத்தில் சுற்றுப்புறக் கடலிலிருந்து பிடித்துவருவார்கள். பருவம் முடியும்போது கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடுவார்கள். குளிர்காலத்தில் கதவைச் சாத்துவார்கள். மக்கள் ஆதரவு கூடி, 2012-இல் அதே கொள்கையோடு பெரிய கட்டடத்துக்கு மாறினார்கள். சுறா இல்லை, திமிங்கலம் இல்லை. கடற்சாமந்தியும் நண்டும் பேய்க்கணவாயும் (ஆக்டோபஸ்) தான்.

முதலில் கேட்கும்போது இது வசதியில்லாதவர் கொள்கை மாதிரி தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தக் காட்சியகத்திலும் யாரும் பதில் சொல்ல விரும்பாத கேள்வி, இந்த உயிர் கடைசியில் என்ன ஆகும் என்பது. இங்கே வருகிற சிறுமி அதைக் கேட்டால் பதில் தேதியோடு இருக்கிறது. பருவக் கடைசியில் வாளியோடு கரைக்கு இறங்கும் நாளை ஊர்த் திருவிழாவாகவே ஆக்கிவிடலாம், பார்த்தவர்களே விடட்டும்.

வேலை செய்கிறவர்களுக்கும் இதில் ஒரு நன்மை உண்டு. வளர்ந்து தொட்டிக்கு அடங்காமல் போகும் மீன் என்ற தலைவலி பெருமளவு தீர்ந்துவிடுகிறது. மாண்டெரே காட்சியகம் 2004-இல் ஓர் இளம் வெள்ளைச் சுறாவை 198 நாள் வைத்திருந்தது. கூட இருந்த சுறாக்களை அது கடித்துக் கொல்லத் தொடங்கியதும் கடலில் விட்டுவிட்டார்கள். அவ்வளவு வசதியுள்ள இடமும் முடிவில் வந்து சேர்ந்தது விடுவதற்குத்தான்.

சில உயிர்கள் தேதிக்குக் காத்திருப்பதும் இல்லை. நியூசிலாந்தின் நேப்பியர் நகரக் காட்சியகத்தில் இங்கி என்றொரு பேய்க்கணவாய், மீனவர் வைத்த சிங்கிறால் கூண்டில் சிக்கி வந்தது. 2016-இல் உலகச் செய்தியான கதை இது: ஓர் இரவு தொட்டி மூடியில் இருந்த இடைவெளி வழியே வெளியேறி, தரையில் ஊர்ந்து, ஐம்பது மீட்டர் வடிகுழாயில் இறங்கிக் கடலுக்கே போய்விட்டது. பேய்க்கணவாய் வைக்கிறவர்களுக்கு ஒரே அறிவுரை, மூடிக்கு எடை வையுங்கள்.

விடுவது என்றால் கண்ட இடத்தில் கொட்டுவது அல்ல. பிடித்த இடத்தை எழுதிவைத்து அங்கேயே விடவேண்டும். நோய் வந்து மருந்து கொடுத்ததை விடக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்த நீரமைப்பில் வேற்றுக்கடல் உயிர் ஒன்றுகூட இருக்கக்கூடாது. ‘ஓரமாக ஒரு தொட்டியில் கோமாளி மீன் வைத்துக்கொள்வோமே, பிள்ளைகள் கேட்கிறார்கள்’ என்று ஒருவர் சொல்லுவார். அந்த ஒரு தொட்டியின் நீர் மற்றவற்றோடு கலந்தால், நோய்க்கிருமி போகும் வழி திறந்துவிட்டது. அதன்பிறகு எதையும் நிம்மதியாகக் கடலில் விட முடியாது. அரசு அனுமதியும் பிடிப்பதற்கு ஒன்று, விடுவதற்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்கவேண்டி வரலாம். பாதுகாக்கப்பட்ட உயிர்கள் பட்டியலை முதலிலேயே பாருங்கள்.

குறைகள் வெளிப்படையானவை. சில மாதம் மூடியிருக்கும் இடத்துக்குப் பயிற்சி பெற்ற ஆட்களை எப்படித் தக்கவைப்பது? சுறா எதிர்பார்த்துப் பேருந்தில் வந்திறங்கும் கூட்டம் முகம் சுளிக்கும். ஆண்டுதோறும் தொட்டியில் இருப்பவை மாறுவதால் அச்சிட்ட பலகை உதவாது. சிலேட்டில் எழுதித் தொங்கவிட வேண்டும். இந்தக் கடைசியை நான் குறையாகக் கணக்கில் எடுக்கவே மாட்டேன். வலையில் நேற்று என்ன வந்தது என்று சொல்லும் சிலேட்டு, எந்தப் பளபளப்பான பலகையைவிடவும் நின்று படிக்கப்படும். மீனவர்களும் விற்க முடியாத சில்லறை உயிர்களைக் குப்பையில் எறியாமல் கொண்டுவந்து கொடுக்கப் பழகுவார்கள்.

தொடு தொட்டி பற்றி

மூன்று வழியிலும் தொடு தொட்டி கேட்பார்கள். வைக்கலாம், சின்னதாக. நட்சத்திர மீன், காலிச் சங்குக்குள் வாழும் முனிவன் நண்டு மாதிரி பொறுத்துப்போகும் உயிர்களை முறைவைத்து மாற்றி, கை கழுவவைத்து, இரண்டு விரலால் மட்டும் தொடவிட்டு, எப்போதும் ஓர் ஆள் நிற்கும்படி. ஆள் நிற்க வசதியில்லாத வேளையில் மூடிவிடுவதே நல்லது. திருக்கைகளை நிறையப் போட்டு வைக்கும் ஆழமற்ற பெருங்குளம் எனக்கு உவப்பில்லை. 2015-இல் சிகாகோ அருகே புரூக்ஃபீல்டு விலங்குக்காட்சிச் சாலையின் தொடு குளத்தில் ஆக்சிஜன் திடீரென்று குறைந்து, உடனே கவனித்தும் 54 திருக்கைகள் இறந்தன. ஆழமற்ற நீரில் பெரிய உயிர்கள் நெருக்கமாக இருந்தால் தவறைத் திருத்த நேரம் கிடைக்காது.

திரைகளையும் மெய்நிகர்க் கண்ணாடிகளையும் மாற்றாக நீட்டுகிறவர்கள் உண்டு. கடலடியில் ஒரு கேமரா வைத்து நேரலை காட்டுவது நல்ல துணை. அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

எந்தக் கரைக்கு எது

தெளிந்த, ஆழமான நீர் பக்கத்திலேயே உள்ள பாறைக்கரை, பருவத்துக்குப் பருவம் வருகிற கூட்டம், சின்ன நிர்வாகம் என்றால் பிடித்துத் திரும்ப விடும் வழியைத் தயங்காமல் எடுக்கலாம். ஆண்டு முழுக்கக் கூட்டம் உண்டு, அருகில் ஒரு ஆய்வு நிலையமோ பல்கலைக்கழகத் துறையோ இருக்கிறது என்றால் ஓடும் நீர்க் காட்சியகம். ஆட்கள் அங்கிருந்து வருவார்கள், நீர்ச்சோதனைக்கும் ஓர் ஆய்வகம் கிடைக்கும். இந்த இரண்டையும் கலந்து, பெரும்பாலான உயிரைப் பிடித்துத் திரும்ப விட்டு, பாசியும் பாறை உயிரும் உள்ள ஒரு தொட்டியை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளவும் செய்யலாம். எனக்குக் கேட்டால் அதுதான் உத்தமம்.

பெருந்தொட்டி நியாயப்படுவது, ஒகினாவா மாதிரி உள்ளூர்க் கடலிலேயே பெரிய உயிர்கள் இருந்து, அவை ஏற்கெனவே வலையில் வந்துகொண்டும் இருக்கும்போது. கடலே இல்லாத ஊர் தன் ஆற்றையும் ஏரியையும் காட்டட்டும். அதற்கு உப்பு வாங்கத் தேவையில்லை.

சிக்கலான இடம் கழிமுகம். நீர் கலங்கலாக இருக்கும், உப்பு மாதத்துக்கு மாதம் மாறும். அங்கே பாறைக்கடலைக் காட்ட ஆசைப்பட்டு மூடிய சுழற்சிக்குப் போகிறவர்கள் உண்டு. அதற்குப் பதில் கழிமுகத்தையே காட்டலாம்: அலையாத்தி வேர், சேற்றில் தாவும் உளுவை மீன், ஆளிச் சிப்பி, உப்பு ஏறினாலும் இறங்கினாலும் அசராத நண்டு. அந்த நீரிலேயே பிறந்த உயிர்களுக்கு அந்த நீர் பிரச்சினை இல்லை. கடல் முள்ளெலியைத்தான் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

எந்த வழியானாலும், கட்டட வரைபடம் போடுமுன் குழாய் வரப்போகும் இடத்தில் ஓர் ஆண்டு முழுக்க உப்பு, வெப்பம், கலங்கல் மூன்றையும் அளந்து எழுதிவையுங்கள். மழைக்கு மறுநாள் கட்டாயம். அந்தக் குறிப்பேடு இல்லாமல் எந்தப் பொறியாளரும் சரியான பம்பைச் சொல்ல முடியாது. கட்டடத்தைச் சின்னதாகத் தொடங்குவதில் தவறில்லை, யுக்ளூலெட்டும் அப்படித்தான் தொடங்கியது. குழாயை மட்டும் இன்றைய தேவையைவிடப் பெரிதாகப் போட்டுவிடுங்கள். தொட்டியை எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். கடலடியில் பதித்த குழாயை மறுபடி தோண்டுவது எளிதல்ல.